முப்பத்தெட்டாவது கேள்வி

சத்துவாச்சாரி, கலெக்டர் அலுவலகம், இரண்டாம் மாடி.
ஏ.சி. ஓடுகிறது; ஆனாலும் ஜன்னல் கண்ணாடியில்
கத்திரி வெயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது.
கீழே நெடுஞ்சாலை. மேலே அதைப் பற்றி நாங்கள்.

மேசையில் நாற்பத்தோரு கேள்விகள்.
பணம் ஆறுக்கு.
செலவு, பயன், காலம் என்று மூன்று கட்டம்,
கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்.

வெயிலில் இளகும் தாருக்கு என்ன கலக்கலாம்: பதினான்கு.
தடுப்புக் கம்பி எத்தனை சென்டிமீட்டர் உயரம்: பன்னிரண்டு.
பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால்
வரிசை மாறும் லாரிகளைக் கேமரா கணிக்குமா: பதின்மூன்று;
அதற்குக் காட்பாடிப் பேராசிரியர் நளாயினி
படம் வரைந்தே வந்திருந்தார், அழகான படம்.
லாரி ஓட்டுநரின் தூக்கம்: பதினொன்று.
"தூங்குறவன எழுப்பியா கேப்பீங்க?" என்றார் யாரோ.
சிரித்தோம். நானும் சிரித்தேன்.

முப்பத்தெட்டாவது என்னுடையது.
பொய்கைக்குப் பக்கத்தில், நடுத்திட்டு அரளிச் செடிகளில்
ஓர் ஆள் நுழையும் இடைவெளி.
ஒப்பந்தக்காரர் இரும்பு வைத்து அடைப்பார்;
நாலாம் நாள் இரும்பு இருக்காது.
யார், எப்போது, ஏன் அங்கே கடக்கிறார்கள்?
ஏழு மதிப்பெண்.

"சுரங்கப்பாதை கட்டிக் குடுத்திருக்கோமே" என்றார்
கண்காணிப்புப் பொறியாளர் கஜபதி. கோபமில்லை,
கட்டியவருடைய வருத்தம்.
இருக்கிறது சார், எழுநூற்றைம்பது மீட்டர் தள்ளி.
ராத்திரி ஒன்பதே காலுக்கு ஷூ கம்பெனி வேன்
தஹசீனையும் தேவிகலாவையும் எதிர்ப்பக்கம் இறக்கிவிடும்.
சுரங்கப்பாதையில் விளக்கில்லை, தண்ணீர் உண்டு.
அந்த வழியில் வீடு பத்தொன்பது நிமிடம்.
அரளி வழியில் சாலை இருபத்திரண்டு விநாடி.
ஆறு நாள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை மட்டும் ஆயிரத்து நூற்றுப் பதினாலு பேர்.
சந்தைக்கு வந்த மாடுகளை
எந்தக் கட்டத்தில் போடுவதென்று படிவத்தில் இல்லை.

இன்ஸ்பெக்டர் சம்பங்கி கோப்போடு வந்திருந்தார்.
ஐந்து வருடம், இருநூற்றுப் பன்னிரண்டு எஃப்.ஐ.ஆர்.
காரணம் என்ற இடத்தில்
நூற்றுத் தொண்ணூற்றேழில் ஒரே சொல்: கவனக்குறைவு.
மிச்சம் பதினைந்தில் ஒன்றுமில்லை.
"வேற என்னா எழுதறது?" என்றார்.
"செத்துப்போனவரு கவனமாத்தான் கடந்தாருன்னா?"
அவர் கேலியாகக் கேட்கவில்லை.

தஹசீன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள்.
விளக்கு எத்தனை உயரத்தில் வருகிறதென்று பார்த்து
பஸ்ஸா, லாரியா, எத்தனை வேகம் என்று சொல்வாள்.
ஸ்பீடு கன்னில் சரிபார்த்தேன். ஐந்துக்கு மேல் பிசகவில்லை.

தேநீர் வந்தது. ஜன்னலோரம் நின்றோம்.
கீழே ஒரு வெள்ளைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை,
நடுத்திட்டில் ஏறி, நின்று,
தலையை ஒருமுறை திருப்பி, ஓடியது.
கஜபதியின் டிரைவர் ஏகாம்பரம்.
பையில் கஜபதியின் சாப்பாடு.
யாரும் பேசவில்லை. கஜபதி தேநீரை ஆற்றினார்,
ஆறிய பிறகும் ஆற்றினார்.
என் கையில் எண்ணும் கருவி. எப்போது எடுத்தேன்,
கட்டைவிரல் எப்போது அழுத்தியது, தெரியாது.
0001 என்று காட்டியது.

மாலைக்குள் முப்பத்தெட்டு
பதினொன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது.
பணம் ஆறுக்கு.
கையெழுத்துப் போட்டோம்.

படியில் இறங்கும்போது சம்பங்கி கேட்டார்:
"அந்தக் காரணத்துக்குக் கீழ,
எங்க கடந்தாரு, சரியான வழி எவ்ளோ தூரத்துல இருந்துச்சுன்னு
ரெண்டு வரி சேத்தா என்னா செலவாவும்?"
ஒரு பென்சில், என்றேன்.
நாற்பத்தொன்றில் அப்படி ஒரு கேள்வி இல்லை.
அவர் சுவரோடு ஒரு நகலை வைத்து
பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தார்,
ஸ்கேல் இல்லாமல், கோணலாக.

நாளை செவ்வாய். நாலரைக்கே மாடுகள் வந்துவிடும்.
கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும்.
ஒன்றிலிருந்து தொடங்குவது கணக்குக்குத் தப்பு.
தெரியும்.
இன்னும் திருப்பவில்லை.