விசில் கழற்றிய குக்கர்

முருகையன் மெஸ்ஸுக்குப் பத்து நாள் பூட்டு.
"மகள் பிரசவம், திருப்பூர் போறோம்" என்று
கதவில் சாக்பீஸில் எழுதியிருந்தது.
நீடாமங்கலத்தில் வேறு கடை இல்லாமல் இல்லை.
ஆனால் அன்றைக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டிக்கு இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
எல்லாக் கடையும் கேட்டுக்கு அந்தப் பக்கம்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

நாற்பத்து நான்கு வயதில்
முதல் முறையாக
வெங்காயம் வதங்குவதை நின்று பார்த்தேன்.
பொன்னிறம் என்று யார் சொன்னார்கள்?
அது அறுப்புக்கு நாலு நாள் முந்தைய
குறுவைக் கதிரின் நிறம்.
கூட ஒரு நிமிடம் விட்டால்
மழையில் கிடந்து கறுத்த நெல்.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
பகல் முழுக்க ஈரப்பதம் பார்க்கிற வேலை.
ஒரு கைப்பிடி நெல்லை மெஷினில் போட்டு
பதினேழைத் தாண்டினால்
"காயவச்சுக் கொண்டாங்க" என்பேன்,
எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்காமல்.

மைதாவுக்கு மெஷின் இல்லை.
விரல்தான்.
ஒட்டினால் தண்ணீர் கூட. உதிர்ந்தால் குறைவு.
காதுமடல் மாதிரி இருந்தால் சரி என்று
நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.
பிசைந்துகொண்டே காதைத் தொட்டுப் பார்த்து
காதெல்லாம் மாவு.

ஓவன் கிடையாது. குக்கர் இருந்தது.
விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றி வைத்துவிட்டு
அடியில் ரெண்டு டம்ளர் மணல்.
மூணாறு தலைப்புக்குக் கீழே
கோரையாற்றில் எடுத்த மணல்.
கரையேறும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்று
நெஞ்சு அடித்துக்கொண்டது.
லாரி லாரியாக மணல் போகிற ஆற்றில்
டிபன் பாக்ஸோடு ஒரு பருவகால ஊழியர்.

முதல் கேக் செங்கல்.
இரண்டாவதில் நடுவே வாய்க்கால்.
மூன்றாவதை முகர்ந்து பார்த்த நாய்
அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது.
நான்காவது
வேண்டாம், பெருமை பேசுகிறேன் என்பீர்கள்.
ஏலக்காய் போட்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு மன்னார்குடி பந்தலடியில்
ஈஸ்ட் பொட்டலம் ஒன்று வாங்கினேன்.
வெதுவெதுப்பான தண்ணீரில் அது
கண்விழித்து நுரைக்கும்போது
அறையில் இன்னொருவர் இருப்பது போலிருந்தது.

இரவு பட்டுக்கோட்டையிலிருந்து செண்பகவல்லி:
"என்ன சாப்ட்டீங்க?"
"பன்."
"எந்தக் கடையில?"
"நான் சுட்டது."
வெகுநேரம் சத்தம் இல்லை.
"பதினெட்டு வருஷம் இந்தக் கையை
எங்க வச்சிருந்தீங்க?"
நான் ஈஸ்ட் நுரைக்கிற அழகைச் சொல்ல ஆரம்பித்தேன்.
"ரெண்டு வேளை ஆக்கிப் போட்டுட்டு
ஆஸ்பத்திரி டூட்டிக்கு ஓடுறவளுக்கு
அழகெல்லாம் தெரியாதுங்க" என்றாள்.
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
மாவுக் கணக்கு எழுதுகிற நோட்டில்
அதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமை ராத்திரி
பட்டுக்கோட்டை அடுப்பு என்னுடையது.
அவள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
பேப்பர் படிக்கிறாள்.
குழம்பில் உப்பு குறைவு என்கிறாள்.
பூண்டை இப்படியா நறுக்குவார்கள் என்கிறாள்.
எழுந்து மட்டும் வருவதில்லை.

நேற்று மூட்டை தூக்குகிற பக்கிரிசாமிக்கு
ஒரு துண்டு வாழைப்பழ கேக் கொடுத்தேன்.
கண்ணை மூடி மென்று,
விரலால் ஒருதரம் அமுக்கிப் பார்த்துவிட்டு
"சார், ஈரப்பதம் இருபது இருக்கும்.
காயவச்சுக் கொண்டாங்க" என்றான்.
களம் மொத்தமும் சிரித்தது.
அவன் முகத்தைப் பார்த்தேன்.

மெஸ் திறந்து நாளாயிற்று.
முருகையன் சாலையில் பார்த்தால்
பேரனின் போட்டோவைக் காட்டுகிறார்,
சாப்பிட வருவதைப் பற்றிக் கேட்பதில்லை.

இன்றைக்கும் கேட் மூடியிருக்கிறது.
முன்னால் வைக்கோல் லாரி, பின்னால் ஆரன்.
வீட்டில் ஈரத்துணிக்கு அடியில்
மாவு எழுந்துகொண்டிருக்கும்.
நான் போவதற்குள் கொஞ்சம் புளித்துவிடும்.
போகட்டும்,
வெல்லம் இருக்கிறது.