சமப்படுத்தாத இரண்டு மீட்டர்

நான்காம் நாளும் நோட்டில் பூஜ்யம்தான்.
ஸ்வகோப்முண்டிலிருந்து கிழக்கே
தொண்ணூறு கிலோமீட்டர்.
சரளை. சரளைக்கு அப்பால் சரளை.
அதற்கும் அப்பால், கானலில் மிதக்கும்
இன்னும் கொஞ்சம் சரளை.

தேடுவது ஒரு வானம்பாடியை.
கையில் வைத்தால் ஓர் எலுமிச்சையின் எடைகூட இராது.
நிறம்?
இந்தத் தரையையே யாரோ ஒரு கிள்ளு கிள்ளி
இரண்டு கால் வைத்து அனுப்பிய நிறம்.
தொலைநோக்கி என் கண்களைச் சுற்றி
வட்டமாய் உப்புப் பூக்க வைத்ததுதான் மிச்சம்.

விடியுமுன் கேட்கிறது, அது உண்மை.
கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து
கூடாரத்தை நனைக்கும் அந்த அரைமணி நேரம்
தலைக்கு மேல் எங்கோ
கண்ணாடி வளையல்கள் உரசிக்கொள்கின்றன.
வெளிச்சம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.
கேட்டதை எண்ணக்கூடாது என்கிறது படிவம்.
கண்டதை மட்டும்.

ஐந்தாம் நாள், பத்து மணி வெயிலில்
மஞ்சள் கிரேடர் ஒன்று
பாதையின் முதுகைச் சுரண்டிக்கொண்டு வந்தது.
லாரிகள் பதித்துவிட்டுப் போகும் அலைகளை
மாதம் ஒருமுறை தகடு இறக்கி நேராக்குவது
அவள் வேலை.
பெத்ரீனா.
குடும்பப் பெயர் நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கித் தொடங்குகிறது.
மூன்று முறை முயன்றேன்,
மூன்று முறையும் பல்லி சொன்னது போலாயிற்று.
அவள் சிரித்தாள், எஞ்சினை அணைக்காமல்.

"என்ன தொலைத்தாய்?"
சொன்னேன்.
"அதுவா" என்று என் பின்னால் கை காட்டினாள்.
திரும்பினேன். கல்.
"இடது."
கல்.
"இன்னும் இடது. பறவையை விடு, நிழலைப் பார்.
கல்லின் நிழல் நடக்காது."

நடந்தது.
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு நிழல்
கற்களுக்கிடையே குடுகுடுவென்று ஓடி நின்றது.
அதன்மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு அலகு இருந்தது.
அலகில் ஒரு கறையான், இன்னும் நெளிந்தபடி.
நான் மூச்சு விடவில்லை.
கிரேடர்தான் விட்டது, கரும்புகையாய்.

அவள் கிளம்பினாள்.
நூறடி போனதும் தகடு மேலே எழுந்தது.
இரண்டு மீட்டர் சும்மா உருண்டது வண்டி.
தகடு மறுபடி இறங்கியது.
பழுதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பாதை விளிம்பில்
ஒரு கல், முட்டைக்கோஸ் பருமன்.
அதன் தென்புறம், வெயில் புகாத பக்கம்,
புல்லின் பஞ்சு வைத்த சிறு கிண்ணம்.
உள்ளே இரண்டு சிட்டிகைத் தூசி,
இரண்டும் வாய் திறந்தன.
மேலே ஜோடியில் மற்றொன்று
சிறகைக் கொஞ்சம் அகற்றி
அலகு பிளந்து இளைத்து நின்றது.
உட்கார்ந்தால் குஞ்சுகள் வெந்துவிடும்.
விலகினாலும் வெந்துவிடும்.
நின்றுகொண்டே இருந்தது.

மாலையில் திரும்பும்போது
அவள் ரேடியோவில் யாரோ கத்திக்கொண்டிருந்தான்.
வால்விஸ் விரிகுடாவின் மீன் லாரிக்காரன்;
அந்த இடத்தில் அச்சு முறியப் பார்த்ததாம்.
இது மூன்றாவது புகார்.
"என்ன சொல்வாய்?"
"கல் பெரிசு, தகடு ஏறலைன்னு."
ரொட்டியைப் பாதி கிள்ளி என்னிடம் தந்தாள்.
"கல் பெரிசுதானே?"

படிவத்தில் 'ஒன்று' எழுதினேன். பிறகு 'இரண்டு'.
குஞ்சுகளுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தேன்,
தூசி என்று யாராவது தட்டிவிடக்கூடும்.

அடுத்த மார்ச்சில் அதே பாதை.
திடுக்கென்று கார் எகிறி
தேநீர் முழுக்க மடியில்.
திட்டத்தான் வாயெடுத்தேன்.
கண்ணாடியில், எனக்குப் பின்னால்,
மூடுபனிக்குள் ஒரு மீன் லாரி
அதே இடத்தில் எகிறுகிறது;
அதன் விளக்குகள் இரண்டும்
ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்கின்றன.