திங்கள், புதன், வெள்ளி

சஸ்கட்டூனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நான்கு நாற்காலி, நான்கு டயாலிசிஸ் எந்திரம்,
ஒரே ஒரு டிவி.
ரத்தம் சுற்றிவர நான்கு மணி நேரம்,
வாரத்துக்குப் பன்னிரண்டு.
அதை எதற்குக் கொடுப்பதென்று
திங்கட்கிழமை நான் ஊசி எடுக்குமுன்பே
சண்டை தொடங்கிவிடும்.

ஆர்டித்துக்குச் சமையல் போட்டி வேண்டும்,
உருளைக்கிழங்கையே தொடக்கூடாதவளுக்கு.
ஹ்ரின்கிவுக்குப் பழைய துப்பறியும் தொடர்தான்,
மறுஒளிபரப்பின் மறுஒளிபரப்பு.
தோட்டக்காரன்தான் கொன்றான் என்று
பெயர் ஓடும்போதே சொல்லிவிடுவார்.
"தெரிந்ததையே ஏன் பார்க்கிறீர்?"
"புதுசு ஆரம்பித்தால் முடிக்க வேண்டுமே."

அதன்பின் ஒரு மாதம்
யாரும் ரிமோட்டைக் கேட்கவில்லை.

இன்று அவரே நிகழ்ச்சித் தாளை நீட்டினார்.
பென்சில் வட்டத்துக்குள் ஒரு புதுத் தொடர்:
வெள்ளிதோறும், இருபத்திரண்டு வாரம்.
"என்ன கதையாம்?"
"ஏதோ குதிரைப் பண்ணை. மட்டமாய்த்தான் இருக்கும்."
சொல்லிவிட்டு விரல்விட்டு எண்ணினார்,
ஜூன் வரைக்கும்.

வெள்ளிக்கிழமைதானே சமையல் போட்டி என்று
ஆர்டித் முனகினாள்;
முனகியதோடு சரி.

இடது கையை என்னிடம் கொடுத்தார்.
ஊசி ஏறும்போதும்
ரிமோட் வலது கையிலேயே இருந்தது.