மூன்று டாலருக்கு ஒரு டாலர்

புரோக்கன் ஹில்லில் தெருக்களுக்கு ரசாயனப் பெயர்.
சல்பைடு தெருவில் பழைய ரயிலடி,
குளோரைடு தெருவில் பல் மருத்துவர்,
புரோமைடு முனையில்
நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடம்.

வெள்ளிக்கிழமை, பூட்டும் நேரம்.
தண்ணீர் லாரி ஓட்டும் கெரின் ட்ரெவாஸ்கிஸ்
கையுறையை உதறினாள். மேசையில் விழுந்தது.
"ஸ்பேனர் பெட்டியோடு வந்தது. கராஜ் விற்பனை.
மூன்று டாலர். என்னதென்று பார்த்துச் சொல்."

ஒரு பக்கம் தடியூன்றிய புனித சுவக்கீன்,
மாதாவின் தகப்பன்.
மறுபக்கம் இரட்டை வால் சிங்கம்,
சுற்றிலும் லத்தீனில் ராஜாவின் பெயர்.
அந்த ராஜாவுக்கு இருபது வயது.
தோற்று ஓடும்போது ஓடையில் குதிரை கவிழ்ந்து
கவசத்தின் கனத்திலேயே மூழ்கிப்போனான்.
காசும் மிதக்காதுதான்.
ஆனாலும் அது தப்பிவிட்டது.

பொஹீமிய மலைச்சரிவில் வெள்ளி கிடைத்தது.
பள்ளத்தாக்குக்குப் புனிதரின் பெயர் வைத்தார்கள்.
ஷ்லிக் பிரபுக்கள் காசடித்தார்கள்.
ஊர்ப் பெயரோ நீளம், பேரம் பேசுகிறவனுக்குப் பொறுமை இல்லை.
புனிதரை உதிர்த்துவிட்டு
வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்:
தாலர்.
பள்ளத்தாக்குக்காரன். அவ்வளவுதான் அர்த்தம்.
டச்சு வாயில் டால்டர்,
இங்கிலீஷ் வாயில் டாலர்,
இன்று காலை நான் ரொட்டி வாங்கியது
அந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்து.

எனக்கு ஊர் ஈப்போ.
அங்கே பணத்துக்கே வெள்ளி என்றுதான் பெயர்,
பத்து வெள்ளி நோட்டில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது.
சங்கிலியில் தொங்கும் முருகனை
டாலர் என்போம்.
இதையெல்லாம் கெரினிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.

விளிம்பில் ஒரு தழும்பு.
வளையம் ஒட்டி யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.
புனிதரின் முகம் மழுங்கியது சந்தையில் இல்லை,
தோலில்.

துப்பாக்கி மாதிரியான கருவியை வைத்து அழுத்தினேன்.
முப்பது விநாடி.
வெள்ளி தொண்ணூற்றிரண்டு, செம்பு ஆறு,
கொஞ்சம் பிஸ்மத், ஒரு சிட்டிகை பொன்.
"அசல்தான். விற்றால்
லாரிக்கு டயர் மாற்றலாம்."

"விலை கேட்கவில்லை நான்.
டெஸ்ஸாவுக்குப் பல் முளைக்கிறது.
நாலு நாளாக இதைக் கடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.
ஈயம் இருக்கிறதா?"

மறுபடி அழுத்தினேன், தழும்பின் மேல்.
பற்றாசு.
பாதிக்குப் பாதி ஈயம்.

அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளி மெலிந்தபோது
கறுப்புக் கல் வந்ததாம்.
துரதிர்ஷ்டம் என்று ஏசி வீசினார்கள்.
ரேடியம் அதற்குள் இருந்தது,
இருட்டில் தானாக ஒளிர்ந்தபடி.
அது தெரிவதற்கு வெகு காலம் முன்பே
நெஞ்சு வற்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.
இதைக் கெரினிடம் சொல்லவில்லை.
ஜன்னலுக்கு வெளியே, ஆர்ஜென்ட் தெருவுக்குப் பின்னால்
சுரங்கக் கழிவின் மேடு
ஊரை விட உயரமாக நின்றது.

"ஜன்னல் விளிம்பைத் தினமும் துடைக்கிறேன்,
ஈரத்துணியால்தான்," என்றாள்.
"அப்படியும் அவள் ரத்தத்தில் எட்டு."
பிறகு, "அரம் இருக்கிறதா?"

எடுத்துக் கொடுத்தேன்.
காசு சேர்க்கிறவர்கள் கண்டால் நெஞ்சிலடித்துக்கொள்வார்கள்.
தழும்பு போகும்வரை ராவினாள்.
விளிம்பு புதிதாக மின்னியது.
"இப்போதும் வாயில் கொடுக்காதே," என்றேன்.
"தெரியும்."

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
நான் சொல்லாமலே துணியை நனைத்து,
தூள் பறக்காமல் மேசையை ஒற்றி எடுத்து,
அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடித்தாள்,
ஒருமுறை,
பிறகு இன்னொருமுறை.