இரண்டு கம்பிகள்

பகல் முழுக்க ஆலையில் மத்தி அரிந்த கை.
வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சைத் தோலால்
மூன்று முறை தேய்த்துக் கழுவித்தான் அதைத் தொடுவேன்.
செடிக்கு மூக்கில்லை, தெரியும்.
தொடுகிறவளுக்கு இருக்கிறதே.

இட்டாஜாயில், துறைமுகத்துக்குப் பின்தெருவில்,
சனிக்கிழமைச் சந்தை கலைகிற நேரம்
நில்சேயா காசு வாங்காமல் தந்த துண்டு அது.
இலையில்லாத இரண்டு கிழட்டுக் குமிழ்,
செத்த நண்டின் கால்போல வேர்.
"பிழைத்தால் லேலியா, பிழைக்காவிட்டால் குப்பை.
மண்ணில் மட்டும் வைத்துவிடாதே, இவோனெச்சி."

வைக்கவில்லை.
தேங்காய் மட்டையும் கரித்துண்டும் போட்ட கூடையில்
தூண்டில் நரம்பால் கட்டி
கிழக்கு ஜன்னலின் கம்பியில் தொங்கவிட்டேன்.

முதல் வருடம்
அன்பாலேயே அதைக் கொல்லப் பார்த்தேன்.
தினமும் தண்ணீர்.
ஒரு குமிழ் பழுப்பேறி, விரல் வைத்ததும் அமுங்கியது.
அப்புறம்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.
வேர் வெள்ளியாக இருந்தால் தாகம்.
பச்சையாக இருந்தால் பேசாமல் போய் வேலையைப் பார்.
இலை கருத்தால் வெளிச்சம் போதவில்லை,
ஓரம் சிவந்தால் வெயில் கூடிவிட்டது.
பழுக்க இரண்டு நாள் இருக்கிற வாழைக்காயின் பச்சை,
அதுதான் வேண்டும்.
செதில்பூச்சி வந்தபோது
பஞ்சுக்குச்சியில் கஷாசா தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.
குப்பியில் மிஞ்சியதற்கு நான் இருந்தேன்.

ஐந்தாவது நவம்பரில் உறை கிழிந்து நான்கு மொட்டு.
மூன்று விரிந்தது நான் இரவு ஷிப்டில் இருந்தபோது.
விடியற்காலை கதவைத் திறந்ததும்
வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டது போலிருந்தது.
வெள்ளை இதழ். நடுவில்
ஒயின் கொட்டிய நாக்கு.
செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

வாடகை வாங்க வந்த சென்யோர் ஆடெமார்
எட்டிப் பார்த்து, "பரசீத்தா" என்றார்.
ஒட்டுண்ணி.
இந்த ஊரில் பாதிப் பேர் இதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
"இரும்பிலிருந்து எதைக் குடிக்கும், சென்யோர்?
பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்."
அவர் நோட்டுகளை இரண்டாவது முறை எண்ணினார்.

ஏழாம் வருடம் எங்கள் வரிசை எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.
ஜாயின்வில்லில் நூல் ஆலை, திங்கட்கிழமை சேர வேண்டும்.
பாத்திரம் ஒரு பெட்டி, துணி ஒரு பெட்டி.
கடைசியாகக் கூடையைக் கழற்றப் போனால்
கூடையில் அது இல்லை.
அதாவது, கூடையில் மட்டும் இல்லை.
எப்போது என்று தெரியாமல் வேர்கள் வெளியே இறங்கி
இரண்டு கம்பிகளைச் சுற்றிப் படிந்து
பெயிண்ட்போல ஒட்டியிருந்தன.

சமையல் கத்தியை நனைத்து ஒன்றை நெம்பினேன்.
தோல் கம்பியோடு நின்றது,
நரம்பு மட்டும் கைக்கு வந்தது.
கத்தியைக் கீழே வைத்தேன்.
மணி ஒன்பது. பேருந்து காலை ஆறுக்கு.

விட்டுவிட்டுப் போகலாம் என்று யோசித்தேன்,
பொய் சொல்லவில்லை.
அடுத்து வருகிறவருக்கு ஒரு தாளில்
வெள்ளி, பச்சை, வாழைக்காய் என்று எழுதக்கூட ஆரம்பித்தேன்.
பாதியில் கிழித்துவிட்டு
படகுப் பட்டறை ஓஸ்னியிடம் போய்
இரும்பறுக்கும் ரம்பம் வாங்கி வந்தேன்.

மேலே இரண்டு வெட்டு, கீழே இரண்டு வெட்டு.
நடுவில் நிறுத்தி நிறுத்தி,
அதிர்ச்சி வேருக்குப் போகாமல் ஈரத்துணி சுற்றி.
எதிர்வீட்டு நாய் இரண்டு மணிவரை குரைத்தது.

கிழித்த தாளின் பின்பக்கம் இதை எழுதி வைத்தேன்:
சென்யோர், சாவி அடுப்பின் மேல்.
ஜன்னலில் இரண்டு கம்பி குறையும்.
முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.
உள்ளே திருட ஒன்றுமில்லை, நான் பார்த்துவிட்டேன்.

பேருந்தில் பெட்டிகள் கீழே போயின.
இதைக் கொடுக்க மாட்டேன் என்றேன்.
ஓட்டுநர், ஈரத்துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த
துருப்பிடித்த முனைகளைப் பார்த்து
இது என்னம்மா என்று கேட்டார்.

ஜன்னல், என்றேன்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.