கச்சானுக்குள்

நிரஞ்சலா மச்சாள் பாரிஸுக்கு வெளியே
ஞாயிற்றுச் சந்தையில் பேரம்பேசி வாங்கி
சொக்லேட், சென்ட், பழைய ஜக்கெட்டுகளோடு
கப்பலில் போட்டுவிட்ட சைக்கிள் இது.

சட்டத்தில் பாதி கிழிந்த ஸ்டிக்கர்:
லுவார் என்று ஓர் ஆற்றின் பெயர்,
அதன்மேல் ஏதோ கோட்டையின் கூரை மட்டும்.
கைபிடி நாடா வலப்பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது.
என்ன யோசனையில் அங்கே அழுத்தினாரோ
முன்பு ஓட்டியவர்.

பின்சில்லில் பெரிய பற்சக்கரம் ஏற்றத்துக்கு.
ஏழு மாதமாய் அதற்கு வேலை இல்லை,
கலியாண வீட்டு வெள்ளிச் செம்புபோல் மினுங்குகிறது.
மட்டக்களப்பில் ஏற்றம் என்றால் பாலங்கள்.
மறுகா குளக்கட்டு.
அதற்குமேல் வானம்தான்.

ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தில் சிப்னாஸ் நிற்பான்.
காத்தான்குடியில் போன் திருத்தும் கடை,
பத்தரைக்குள் ஷட்டர் தூக்கவேண்டும்.
எனக்கு ஒரு மணிக்கு வார்டு.
எங்கள் பேச்சு பெரும்பாலும்
ஒருவர் முதுகோடு மற்றவர்.

வலையிறவுப் பாலம் தாண்டக் காவலரண்.
துவக்கைத் தோளில் சரித்துக்கொண்டு ஒரு பொடியன்
சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.
"கீயத?"
விலை சொன்னேன்.
மெதுவாகக் கீழே வைத்தான்,
முட்டையை வைப்பதுபோல.

ஆயித்தியமலை தாண்டக் கச்சான் எழும்பியது.
மேற்கிலிருந்து, காய்ந்து, மண் அள்ளி,
பல்லிடுக்கில் நறநறத்து.
கதிர் முற்றாத வயல் முழுதும் ஒரே பக்கம் சாய்ந்து
எங்களுக்கு எதிராக வாக்களித்தது.
அந்த நாட்டில் மலை நின்ற இடத்தில் நிற்கும்.
இங்கே எழும்பி வரும்,
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.

முதன்முறையாகப் பெரிய பல்லுக்கு மாற்றினேன்.
சங்கிலி ஏறிய சத்தத்தில்
சிப்னாஸ் திரும்பிப் பார்த்தான்.
"என்ன, மட்டமான ரோட்டுலயா?"
பதில் சொல்ல மூச்சு இல்லை.

யானை வேலியோரம் நடுரோட்டில் லத்தி,
இன்னும் ஆவி பறந்தது.
அடுத்த இரண்டு கிலோமீற்றர்
எங்கள் வாழ்நாளின் அதிவேகம்.

உன்னிச்சைக் கட்டில் ஏறியதும் முன்சில் உஸ் என்றது.
வாய்க்காலில் டியூப்பை அமிழ்த்திக் குமிழ் தேடினோம்.
குமிழுக்கு நாலு விரல் தள்ளி
முன்பே ஓர் ஒட்டு.
விளிம்பு பச்சை. எங்கள் கடைகளில் அந்த ஒட்டு இல்லை.
எந்தக் கிராமத்துத் தேவாலய மணிக்குக் கீழே
எந்த ஆற்றுத் தண்ணீரில் இப்படிக் குந்தி
யார் குமிழ் பார்த்தது?
சிப்னாஸ் தேய்த்தான், ஊதினான், பசை தடவினான்,
பெருவிரலால் அமத்திக்கொண்டு சொன்னான்:
"வெள்ளக்காரன் நல்லா ஒட்டியிருக்கான்."
அவன் வாயில் அது பெரிய பாராட்டு.

மகிழடித்தீவில்
பெயர்கள் பொறித்த கல்லுக்கு முன்னால்
சொல்லிவைக்காமலே மிதிப்பதை நிறுத்துவோம்.
சில்லு தானாக ஓடும்.
டிக் டிக் டிக் என்று பின்னச்சு எண்ணும்.
பெயர்கள் முடியுமுன்
வேகம் முடிந்துவிடும்.

கொக்கட்டிச்சோலையில் வாழைப்பழம்.
பறங்கிக்கு முன்னால் எழும்பிப் புல் தின்றதாம்
இங்குள்ள கல் நந்தி.
ஆளுக்கு மூன்று பழம் முடித்தபோது
எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.
கல்லானாலும் பசிக்கும்,
காற்று அப்படி.

மண்முனைப் பாலத்தில் அதே கச்சான்
முதுகுக்கு வந்தது.
மிதிக்காமலே முப்பத்தெட்டு.
வாவி இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது.
எங்கள் திறமை என்றுதான்
இருவரும் நினைத்துக்கொண்டோம்.

ஒரு மணி வார்டில்
மருந்தை ஊசியில் இழுக்கும்போது தொடை தனியாகத் துடித்தது.
ஏழாம் கட்டில், குடல்வால் எடுத்த மீன்காரர்
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"எங்க போன மிஸி, மூஞ்செல்லாம் கறுத்துக் கிடக்கு?"

"கச்சானுக்குள்ள."

"வறுத்ததா, அவிச்சதா?"

சிரித்தால் தையல் நோகும் என்று
காலையில்தான் சொல்லியிருப்பார்கள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
சிரித்தார்.