பாக்கி

மணி காட்டாத கடிகாரம் என்று
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தது அதன் உயரமானி.
முள் இன்னும்
கடல் மட்டத்துக்கு நாற்பதடி கீழே நிற்கிறது.

என்ஜினைப் பிள்ளைகளுக்கு உள்ளே காட்ட
கிண்டிக் கல்லூரி ஒன்றில்
ஒரு சிலிண்டரை அறுத்துச்
சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.
வால், ராயபுரத்தில் கோழிக்கூண்டுக்குக் கதவு.
இடது இறக்கை மட்டும் முழுசாக
புதுப்பேட்டைக் கடைக் கூரையில்
தகரத்துக்கு அடியில் கிடந்தது.
எண்பது மழைக்காலம்.
“ஒழுகல சார், அதான் கழட்டல”
என்றாராம் குத்தூஸ் பாய்.

நான் ஏற்றுமதிக் கம்பெனியில் காலர் தைத்தவள்.
தாம்பரம் ஹேங்கருக்குக் கூப்பிட்டார்கள்.
ஏரோப்ளேனுக்கா தைக்கப் போற என்றான் மகன்.
சட்டைதான்டா, கை பதினாலடி.

அங்குலத்துக்கு எட்டுத் தையல்,
ஆறங்குலத்துக்கு ஒரு முடிச்சு,
முடிச்சு வழுக்கினால் மேலே போய்த் தோல் உரியும்
என்றார் ரிட்டையர்டு வாரன்ட் ஆபீசர் தேவசகாயம்.
இது பறக்கப் போறதில்லையே சார்.
“அது அதுக்குத் தெரியாதும்மா.”

பழைய துணியைக் கத்தரித்த அன்று
மூன்றாம் விலாவில் பென்சில் எழுத்து:
ஏகாம்பரம் கூலி பாக்கி மூணே கால் ரூபா.
தேதி இல்லை.
எந்தத் துரை பாக்கி வைத்தான் என்றும் இல்லை.

தேவசகாயம் ஆவணங்களைப் புரட்டினார்.
ஓட்டியவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள்,
போட்ட குண்டுகளின் கணக்கு இருந்தது,
பச்சை நிறத்தின் கலவைகூட இருந்தது.

அந்த விலா செல்லரித்திருந்தது.
மாற்றச் சொல்லி டெல்லியிலிருந்து கடிதம்.
தச்சர் பூவராகன் உளியை எடுத்தார், வைத்தார்,
டீ குடிக்கப் போனார்,
வந்து பக்கத்திலேயே புது விலா ஒன்றை ஒட்டிப்
பழசைப் பழசாக விட்டார்.
‘மாற்றப்பட்டது’ என்று பதில் போனது.

அதன் மேல் துணி இழுத்தது நான்.
டோப்பு காய்ந்ததும் மேளத்தோலாக விறைத்தது.
விரலால் தட்டிக்கொண்டே போனால்
அந்த ஓரிடத்தில் மட்டும்
சத்தம் கொஞ்சம் தடிக்கும்.

என்ஜின் ஓட்டிய நாள்
ரிப்பன், விருந்தினர், ஆறிய பஜ்ஜி.
நாலு நிமிஷம் ஓடியது.
எல்லோரும் விசிறியைப் படம் எடுத்தார்கள்.
நான் மூன்றாம் விலாவுக்கு மேல்
துணி உப்பி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புடவையில் எண்ணெய். இன்னும் போகவில்லை.

என் பில் ஜனவரியிலிருந்து
அக்கவுன்ட்ஸில் இருக்கிறது.
வலது இறக்கைக்கு இன்னும் துணி ஏறவில்லை,
எழுதி வைக்கலாம்தான்.
ஆனால் என்னிடம் இருப்பது தையல் சாக்பீஸ்,
ஒரு தட்டுத் தட்டினால் உதிரும்.